ஒரு தொன் சீன மினி பெக்கோ, நம்ம மலைச் சரிவில்

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்யும் ஆட்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி, சீனாவில் இருந்து வரும் அந்தக் குட்டி பெக்கோ, அதாவது மண் தோண்டும் இயந்திரம், வாங்கலாமா என்பதுதான். என்னிடம் ஒன்று இருக்கிறது, வேலை செய்கிறது, அதனால் எழுதுகிறேன். வாங்கலாம். ஆனால் முழுதாகச் செய்து முடித்த இயந்திரம் என்று நினைத்து வாங்காதீர்கள். தொழிற்சாலையில் செய்திருக்க வேண்டிய கடைசிக் கட்ட வேலையை இங்கே நீங்கள் செய்து முடிக்க வேண்டும், விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். வெல்டிங் தெரிந்த ஒரு பாஸும் பக்கத்தில் ஒரு லேத் பட்டறையும் இருந்தால் தைரியமாக இறங்கலாம். சாவியைப் போட்டால் ஓட வேண்டும், வேறெதுவும் எனக்குத் தெரியாது என்பவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

இந்த இனம் பெரும்பாலும் சீனாவின் ஷான்டொங் மாகாணத்தில், ஜினிங் நகரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் இருந்து வருகிறது. மஞ்சள், பச்சை, சிவப்பு என்று நிறமும் ஸ்டிக்கரும் மாறும், உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். என்னுடையது 13.5 குதிரைவலு பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் பெற்றோல் இஞ்சின் போட்டது. எடை ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 90 சென்ரிமீற்றர் அளவு, தோண்டும் ஆழம் ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேலே. சீனாவில் விலை சில ஆயிரம் டொலர்தான் என்று இணையத்தில் பார்த்துவிட்டு மனக்கணக்குப் போடுவார்கள், ஆனால் கப்பல் கூலி, வரி, கொழும்பில் கிளியரிங், மலை ஏற்றும் லொறி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து வாசலுக்கு வரும்போது அந்தத் தொகையை மறந்துவிட வேண்டியதுதான்.

சரி, இங்கே ஏன் இது உதவும் என்றால் அகலம்தான் காரணம். பெரிய ஜேசிபி இரண்டு மீற்றருக்கு மேல் அகலம், லயத்துப் பின்பாதைக்கும் மரக்கறி வரம்புக்கும் வராது, வந்தாலும் பாதையை உடைத்துவிட்டுத்தான் போகும். 2025 நவம்பரில் டித்வா புயல் போன பிறகு பெரிய இயந்திரங்கள் எல்லாம் பிரதான வீதிகளில் நின்றன, உள்ளே படிக்கட்டிலும் கானிலும் கிடந்த சேற்றுக்கு மம்பட்டியும் அலவாங்கும்தான். அந்த மாதிரி இடத்தில் இந்தக் குட்டி போய் நின்று வேலை செய்வதைப் பார்த்தவர்கள்தான், வந்த புதிதில் "என்ன தம்பி, விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டவர்கள், இப்போது வாடகைக்குக் கேட்கிறார்கள்.

இனி யாரும் விளம்பரத்தில் சொல்லாத விஷயம். இதற்குப் பிரேக் கிடையாது. மலிவான ஒரு தொன் இயந்திரங்களில் சக்கரத்துக்குப் பதிலாக உள்ள இறப்பர் சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்தை நேராகச் சுழற்றுவது, எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஒரு சாதாரண ஓர்பிட் மோட்டார், பெரிய இயந்திரங்களில் இருப்பதுபோல் தானாகப் பிடிக்கும் பிரேக் அதில் இல்லை. லீவரை விட்டால் எண்ணெய் அடைபட்டு நிற்கும், அவ்வளவுதான், ஆனால் மோட்டாருக்குள் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வழிவிடும், ஆகவே சரிவில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் திரும்பி வரும்போது அது நிறுத்திய இடத்தில் இருக்கும் என்று உறுதி கிடையாது. சமவெளியில் வாங்கியவன் இதைக் கவனிக்கவே மாட்டான், நமக்கு இதுதான் முதல் கேள்வி. மேல் உடம்பு சுழலும் இடத்திலும் இதே கதை: சரிவில் நின்றால் கையும் பக்கெட்டும் தானாகவே பள்ளத்துப் பக்கம் மெதுவாகத் திரும்பப் பார்க்கும். நான் செய்தது, மேல் உடம்பைப் பூட்ட ஒரு தடிப்பான ஊசியும் அதற்குத் துளையும் போட்டேன், பட்டறையில் அரை நாள் வேலை. நிறுத்தும்போது முன் பிளேடைப் பள்ளத்துப் பக்கம் இறக்கி, பக்கெட்டை மண்ணில் அழுத்தி, சங்கிலிக்குக் கீழே கல்லும் வைக்க வேண்டும். கல்லை மறக்கும் ஆளுக்கு என் இயந்திரத்தை நான் வாடகைக்குக் கொடுப்பதில்லை.

லீவர்களுக்கும் பூட்டு இல்லை. எல்லாம் நேரடி இரும்புக் கம்பித் தொடர்பு, ஏறி இறங்கும்போது ஜக்கெட் கை மாட்டினால் போதும், இயந்திரத்தின் கை ஒரு பக்கம் வீசும். நம்ம ஊர்க் குளிருக்குத் தடித்த ஜக்கெட் போடாத ஆள் யார்? மடக்கக்கூடிய ஒரு இரும்புப் பட்டையை வெல்ட் செய்து, இறங்கும்போது லீவர்களுக்குக் குறுக்கே விழுகிற மாதிரி வைத்தால் முடிந்தது. மேலே இருக்கும் கூரையையும் நம்பவேண்டாம், அது மழைக்கு மட்டும்தான், கவிழ்ந்தால் தாங்கும் சட்டம் அல்ல. சரிவுக்குக் குறுக்கே நின்று பள்ளத்துப் பக்கம் பாரம் தூக்குவது இந்த அகலத்துக்குச் சரிவராத வேலை. சங்கிலி இரண்டும் ஏற்றத்தைப் பார்த்தபடி இருக்கட்டும்.

அடுத்தது ஹைட்ரோலிக் எண்ணெய். வந்தவுடன் டாங்கியைத் திறந்து பார்த்தேன், அடியில் பெயின்ட் துண்டும் மினுமினுக்கும் இரும்புத் தூளும் கிடந்தன. இது என் இயந்திரத்துக்கு மட்டும் வந்த சாபம் இல்லை, இந்த இனத்தை வாங்கிய பலர் சொல்வதும் இதுதான், வெல்ட் செய்த டாங்கியைக் கழுவாமலே எண்ணெய் ஊற்றி அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தூள் பம்புக்குள் போனால் பம்பு தேயும், வால்வுக்குள் போனால் லீவர் சிக்கும், அப்புறம் எது கெட்டது என்று தேடி அலைய வேண்டும். ஆகவே ஒரு மணித்தியாலம்கூட வேலை வாங்குவதற்கு முன் எல்லா எண்ணெயையும் இறக்கி, டாங்கியைக் கழற்றி டீசலால் கழுவி, எண்ணெய் டாங்கிக்குத் திரும்பி வரும் குழாயில் ஒரு 10 மைக்ரோன் ஃபில்டர் போடுங்கள். லொறி ஒயில் ஃபில்டர் போலத் திருகிக் கழற்றும் வகை, கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் தலைப்பாகத்தோடு கிடைக்கும், அடைபட்டால் எண்ணெய் சுற்றிப்போக பைபாஸ் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். இந்த மாற்றத்துக்குச் செலவழித்ததுதான் முழு இயந்திரத்திலும் நான் செலவழித்த மிக நல்ல சல்லி.

எந்த எண்ணெய் என்று கேட்பார்கள். புத்தகத்தில் 46 என்றுதான் இருக்கும், அது எண்ணெயின் தடிப்பைக் காட்டும் எண், எந்தச் சிறு ஹைட்ரோலிக் இயந்திரத்துக்கும் அதைத்தான் சொல்வார்கள். ஜனவரி மாதம் பனி விழும் விடியற்காலையில் அந்த 46 கித்துள் பாணி மாதிரிதான் நகரும், கை அசையவே யோசிக்கும், லீவரைக் கொஞ்ச நேரம் சும்மா ஆட்டி எண்ணெயைச் சூடாக்கிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். மதியம் ஆனால் எதிர்ப்பக்கம், தொடர்ந்து கல்லோடு மல்லுக்கட்டினால் எண்ணெய் சுட்டு, மெலிந்து, காலையில் தூக்கிய கல்லை மாலையில் தூக்காது. பம்பு ஒன்றுதான், டாங்கி சின்னது, கூலர் கிடையாது. நான் 12 வோல்ட் விசிறியோடு ஒரு சின்ன கூலரைத் திரும்பும் குழாயில் சேர்த்தேன், குறிப்பிட்ட சூட்டுக்கு மேலே மட்டும் விசிறி ஓடும்படி ஒரு தெர்மோஸ்டாட் சுவிட்ச். பெரிய விசிறி போட ஆசைப்பட வேண்டாம், இந்த இஞ்சினின் சார்ஜிங் சின்னது, பற்றரி மாலைக்குள் இறங்கிவிடும்.

மூன்றாவது, சுழலும்போது வரும் உதறல். லீவரைத் தொட்டதும் மேல் உடம்பு திடீரென்று பாயும், விட்டதும் திடீரென்று நிற்கும், பக்கெட்டில் இருக்கும் மண் பாதி வெளியே. தட்டையான நிலத்தில் இது எரிச்சல், வரம்பு ஓரத்தில் இது ஆபத்து. காரணம், பம்பு அனுப்பும் எண்ணெய் முழுவதும் ஒரே மூச்சில் அந்தச் சின்ன மோட்டாருக்குப் போவதுதான். இரண்டு சுழல் ஹோஸ்களிலும் சின்னத் துளையுள்ள ஒரு பித்தளை அடைப்பைச் செருகினால் ஓட்டம் குறையும். லேத் பட்டறையில் சொல்லி ஒன்றரை மில்லிமீற்றர் துளையோடு செய்யுங்கள், மந்தமாகத் தோன்றினால் பெரிதாக்கலாம், பெரிதாக்கியதைச் சிறிதாக்க முடியாது. செலவு என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை, ஆனால் ஓட்டும் ஆளுக்கு அது வேறு இயந்திரம். ஹோஸ் மாற்றப் போனால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், மரை மெட்ரிக்கா, பிஎஸ்பி என்ற அங்குல வகையா என்று வாயால் சொல்லி வாங்கினால் திரும்ப ஒருமுறை பஸ் ஏற வேண்டி வரும்.

இஞ்சின் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உயரம்தான் விஷயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், ஒவ்வொரு 300 மீற்றருக்கும் சாதாரண இஞ்சின் சுமார் மூன்று வீதம் பலம் இழக்கும், ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் 13.5 இங்கே 11 அளவுதான். அதோடு காற்று மெலிந்தும் பெற்றோல் குறையாததால் கலவை தடித்து, பிளக் கறுத்து, பெற்றோல் அதிகம் குடிக்கும். உயரப் பிரதேசத்துக்கென்று சின்ன துவாரமுள்ள ஜெட் இருக்கிறது, கார்பரேட்டரில் அதை மாற்றினால் புகையும் குறையும், இழுவையும் கொஞ்சம் திரும்பும். பலம் குறைந்ததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மலையில் இந்த இயந்திரத்தைத் தடுப்பது குதிரைவலு அல்ல, எடை: பெரிய கல்லில் பக்கெட் மாட்டினால் கல் வராது, இயந்திரம்தான் முன்னே இழுபடும். இன்னொன்று, இந்த வகை இஞ்சினுக்குள் ஒயிலைத் தெளித்துத்தான் உயவூட்டுகிறார்கள், அதிகம் சாய்ந்து நீண்ட நேரம் ஓடினால் தெளிப்பு போய்ச் சேராது, ஒயில் அளவு எப்போதும் மேல் கோட்டிலேயே இருக்கட்டும். வேலையைப் பொறுத்து மணிக்கு இரண்டு லீற்றர் சுற்றுவட்டத்தில் பெற்றோல் போகும். 2022இல் கேனுக்கு எண்ணெய் தரமாட்டோம் என்று நிரப்பு நிலையத்தில் திருப்பி அனுப்பிய காலம் நினைவிருக்கும் ஆட்கள் டீசல் இஞ்சின்தான் வேண்டும் என்பார்கள், அதுவும் நியாயம்தான், ஆனால் ஒற்றை சிலிண்டர் டீசல் குலுக்குகிற குலுக்கில் போல்ட் எல்லாம் கழன்று விழும். எதை வாங்கினாலும் போல்ட்டுகளுக்கு மரைப் பசை போட்டு இறுக்கிவிடுங்கள்.

ஊசிகளும் புஷ்களும் மட்டமான இரும்பு. பக்கெட் பக்கம் சீக்கிரம் ஆட்டம் வரும், தினமும் காலையில் கிறீஸ் அடித்தால் தாமதிக்கலாம், தடுக்க முடியாது. நல்ல இரும்பில் ஊசியும் வெண்கல புஷ்ஷும் கடைந்து போட்டபின் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. கல் பிடிக்கப் பெருவிரல் மாதிரி ஒரு கொக்கி சேர்ப்பதுதான் இணையத்தில் எல்லோரும் முதலில் செய்யும் மாற்றம், பார்க்க அழகு, கல்லடுக்குச் சுவர் கட்டுகிறவர்களுக்கு உண்மையில் உதவும், மற்றவர்களுக்கு முனையில் வீண் பாரம்தான். ஹைட்ரோலிக் வேண்டாம், கையால் ஊசி மாற்றி நிறுத்தும் வகை போதும்.

கொண்டுபோவது தலைவலி. டிமோ பட்டாவில் ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அந்த லொறி முக்கால் தொன் அளவுக்குத்தான், இதுவோ அதற்கு மேல். ராமபொடை வளைவுகளில் அந்தப் பாரத்தோடு இறங்குவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அதைவிடப் பெரிய கென்டர் லொறியின் வாடகையைக் கணக்கில் சேருங்கள். விற்ற இடத்தின் சேவை? பணம் கட்டும்வரை போனை எடுத்தார்கள். பாகம் வேண்டும் என்றபோது படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிய படத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஐந்துக்கு ஒன்று கொடுக்கலாம், அதுவும் இறக்கி வைத்த பையன்கள் நல்லவர்கள் என்பதற்காக.

ஒரு விஷயம் எனக்குச் சங்கடம் தருகிறது. இந்த இயந்திரம் வந்தபின் லயத்துக்குப் பின்னால், ஏழு பேர்ச் வீட்டுக்குப் பின்னால், குசினி ஒன்று இழுக்க மண்திட்டை வெட்டித் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். மம்பட்டியால் வெட்டினால் நாள்கணக்கில் எடுக்கும், இது காலையில் தொடங்கினால் மதியத்துக்குள் செங்குத்தாக வெட்டி நிறுத்திவிடும், அந்தச் சுலபம்தான் பயம். செங்குத்தாக வெட்டிய சுவருக்குத் தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் அடுத்த பெருமழை அதை வீட்டுக்குள் கொண்டுவரும், 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியைக் காட்டினால்தான் திட்டு வெட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். கான் வெட்ட, தண்ணீர்க் குழாய் புதைக்க, சேறு அள்ள என்றால் எப்போது வேண்டுமானாலும் வருவேன்.

யாருக்கு? இரண்டு மூன்று ஏக்கர் சொந்தத் தோட்டம், வரம்பும் கானும் திருத்தும் வேலை வருடம் முழுக்க இருக்கிறவருக்கு இது சரியான சாமான். தினசரி வாடகைக்கு விட்டுப் பிழைக்கப் பார்க்கிறவர் இன்னும் சல்லி சேர்த்து குபோட்டா மூன்று சிலிண்டர் டீசல் போட்ட மாதிரியைத் தேடட்டும், அல்லது பழைய ஜப்பான் இயந்திரத்தைத் தேடட்டும், அவற்றில் பம்பும் மோட்டாரும் வேறு தரம். வாங்கும் அன்றே ஒரு சோடி இறப்பர் சங்கிலிக்கும் சேர்த்து ஓடர் கொடுங்கள், 180 மில்லிமீற்றர் அகலம், 72 மில்லிமீற்றர் இடைவெளி என்பது பொதுவான அளவு, ஆனால் கண்ணிகளின் எண்ணிக்கை மாதிரிக்கு மாதிரி மாறும், உங்கள் இயந்திரத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டு எண்ணிப் பார்த்தபின் எழுதி அனுப்புங்கள்.