அத்தை வாங்கித் தந்த கிரிக்கெட் பொருட்கள்: எது தேறும், எது தேறாது

எங்கள் வீட்டில் கிரிக்கெட் பைத்தியம் நான்தான். கணவருக்கு ஓவருக்கு எத்தனை பந்து என்பதே சந்தேகம். அதனால் பிறந்தநாள், கல்யாண நாள் எது வந்தாலும் மாமியாரின் பரிசு என் பெயருக்குத்தான் வரும், அதுவும் விளையாட்டுச் சமாச்சாரமாகவே வரும். அத்தைக்கு ஆட்டம் தெரியாது. ஆனாலும் "உனக்குப் பிடிக்குமேன்னுதாம்மா" என்று இணையத்தில் தேடித் தேடி வாங்குவார். வாங்கியதோடு விடவும் மாட்டார். அடுத்த முறை வரும்போது அது ஹாலில் இருக்கிறதா என்று உள்ளே நுழையும்போதே ஒரு நோட்டம் விடுவார். ஆகவே நான் பார்ப்பது இரண்டு: சேகரிப்பில் சேர்க்கத் தேறுமா, ஹாலில் வைத்தால் தாங்குமா.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்து வைக்கும் அக்ரிலிக் பெட்டி.

கல்லூரி அணியில் ஆடிய காலத்துப் பந்து ஒன்று என்னிடம் உண்டு. தோழிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டது. "இதை ஏம்மா சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று ஒருநாள் கேட்டார் அத்தை. அடுத்த பிறந்தநாளுக்குப் பெட்டி வந்துவிட்டது. சதுரப் பெட்டி, மேல்மூடி வழுக்கிக்கொண்டு வந்து உட்காரும், அடியில் பந்து நிற்க ஒரு வளையம். அக்ரிலிக் தெளிவாக இருக்கிறது, ஓரங்களில் பசை வழிந்த தடம் இல்லை. துடைப்பதில்தான் கவனம் வேண்டும். காகிதத்தால் துடைத்தால் கீறல் விழும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவம் ஆகவே ஆகாது, நாளடைவில் மங்கலாக்கிவிடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

குறை ஒன்றுதான். இது பேஸ்பாலுக்காகச் செய்த பெட்டி. பேஸ்பாலின் சுற்றளவு சுமார் 22.9 முதல் 23.5 செ.மீ. வரை. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்து 22.4 முதல் 22.9 வரை, அது கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் நிற்கும். பெண்கள் ஆடும் பந்து இன்னும் சின்னது, 21 முதல் 22.5 வரைதான். என்னுடையது அந்த ரகம். பெட்டியைத் தூக்கினாலே உள்ளே கடகடவென்று உருண்டது. உருள உருளக் கையெழுத்து தேயும். அமிலமில்லாத அட்டையை வட்டமாக வெட்டி வளையத்தின் மேல் வைத்த பிறகு ஆட்டம் நின்றது. வாங்குகிறவர்கள் உள்ளளவைப் பார்த்து வாங்குங்கள். 'எல்லாப் பந்துக்கும் பொருந்தும்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

புற ஊதாத் தடுப்பு உண்டு என்றும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மையை வெளுக்க வைக்கும். அதைத் தடுத்தால் உள்ளே இருக்கும் பந்தே தெரியாதே! அத்தைக்குப் பிடித்த இடமோ ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் சுவர். சாயங்கால வெயில் அப்படியே வந்து விழும். "யார் கண்ணுக்கும் படாம வெக்கிறதுக்கா வாங்கித் தந்தேன்?" என்பது அவர் கட்சி. கடைசியில் ஜன்னல் இருக்கும் அதே சுவரில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு தட்டு அடித்தோம். நேர் வெயில் அங்கே எட்டாது. வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்தால் பந்து கண்ணில் படும். இரண்டு தரப்பும் சமாதானம்.

அடுத்தது சட்டம் போட்ட புகைப்படம். பெரிய பேட்ஸ்மேன் ஒருவர் கவர் டிரைவ் ஆடுகிறார், கீழே அவர் 'கையெழுத்து', கூடவே தங்க முத்திரை போட்ட 'அசல் சான்றிதழ்'. போன் கேமராவை நெருக்கிப் பிடித்துப் பெரிதாக்கினேன். கோடு முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரிந்தது. பேனா மை அப்படிப் பிரியாது. பேனாவால் எழுதியதாக இருந்தால் படத்தைச் சாய்த்துப் பிடிக்கும்போது மை மேலே தனியாகப் பளபளக்கும் அல்லது மங்கித் தெரியும். இங்கே முகமும் எழுத்தும் ஒரே அச்சில் வந்தவை. சான்றிதழைப் பார்த்தால், அசல் என்று சொல்பவர் விற்றவரேதான், தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்திக்கொண்ட மாதிரி. எங்கே, எப்போது போட்ட கையெழுத்து என்று ஒரு வரி இல்லை. ஹாலோகிராம் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் சரிபார்க்க அதில் எண் கிடையாது.

இது புது வித்தையும் அல்ல. அமெரிக்காவில் 1990களில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் பிடிபட்ட கும்பல்கள் கையெழுத்தோடு சேர்த்துச் சான்றிதழையும் போலியாகத் தயாரித்திருந்தன. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட அந்தக் குவியலில் இருந்ததாம். அதை வாங்கத் துணிந்தவரைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும்.

அத்தையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. படம் பார்க்க நன்றாகவே இருக்கிறது, சட்டமும் கனமான மரம். அவர் கேட்ட ஜன்னல் எதிர்ச் சுவரிலேயே மாட்டிவிட்டேன். அச்சு மைதானே, வெளுத்தால் வெளுக்கட்டும். சேகரிப்பு என்ற கணக்கில் பூஜ்யம்.

வீரர்களின் படம் போட்ட, சேகரிப்பதற்கான விளையாட்டு அட்டைகள் அடங்கிய பெட்டியும் ஒருமுறை வந்தது. பிரித்துப் பார்க்கும் சுகத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட் பாக்கெட்டாகக் கிழித்தார். யார் முகம் சிரித்தபடி இருக்கிறதோ அவர்தான் அவருக்கு நல்ல ஆட்டக்காரர். ஆனால் உறையில் எழுதியிருக்கும் 'லிமிடெட் எடிஷன்' என்ற பெருமையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மொத்தம் எத்தனை அச்சடித்தார்கள் என்ற எண் அட்டையில் இல்லையென்றால் அந்த வார்த்தைக்கு ஒரு பொருளும் இல்லை. 1952இல் வெளிவந்த, அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த வருஷத்து அட்டைகளை யாரும் பொக்கிஷமாக நினைக்கவில்லை. பிள்ளைகள் விளையாடிக் கிழித்தார்கள், விற்காமல் தேங்கியதை நிறுவனமே பின்னாளில் கடலில் கொட்டியதாகச் சொல்வார்கள். நேர்மாறாக, 1980களின் கடைசியில் எல்லோரும் பத்திரப்படுத்திய அமெரிக்க அட்டைகளில் பெரும்பாலானவற்றைக் கேட்பாரில்லை. அளவுக்கு மீறி அச்சடித்துவிட்டார்கள்.

பெட்டியோடு வந்த ஆல்பத்தின் பிளாஸ்டிக் பக்கங்களில் பி.வி.சி. வாடை அடித்தது. அந்த வாடை வந்தால் அட்டைகளை அதில் போடாதீர்கள், வருஷங்கள் போனால் பிசுபிசுத்து அட்டையைக் கெடுக்கும். பாலிப்ரொப்பிலீன் உறைகள் தனியாக வாங்கி மாற்றினேன்.

குட்டி மட்டை, அச்சடித்த கையெழுத்துகளோடு: குழந்தைகள் ஆடுவதற்கு நல்லது, அவ்வளவே. 2011 உலகக் கோப்பை இறுதியில் தோனி பிடித்த மட்டை அதே வருஷம் லண்டன் ஏலத்தில் 1 லட்சம் பவுண்டுக்குப் போனது என்றால், அது ஆடிய மட்டை. இது ஆணி அடித்து மாட்டவென்றே பிறந்தது.

தலையாட்டிப் பொம்மை ஒன்றும் உண்டு. முகம் எந்த வீரருக்கும் ஒத்துப்போகவில்லை. ஸ்பிரிங் மட்டும் பிரமாதம், மின்விசிறிக் காற்றுக்கே ஆமாம் ஆமாம் என்கிறது. கணவர் தன் மேசையில் வைத்துக்கொண்டார். அவர் விரும்பி வைத்துக்கொண்ட ஒரே கிரிக்கெட் பொருள் இதுதான்.

இப்போது அத்தை மட்டைக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி பார்த்து வைத்திருக்கிறாராம். கேள்விப்பட்டதும் அளவை எழுதி அனுப்பிவிட்டேன்: விதிப்படி மட்டை 96.5 செ.மீ. நீளம், 10.8 செ.மீ. அகலம், 6.7 செ.மீ. தடிமன் வரை இருக்கலாம், உள்ளளவு எல்லாப் பக்கமும் அதைவிடக் கூடுதலாக வேண்டும், பேஸ்பால் மட்டைக்கான ஒடுக்கமான பெட்டி வேண்டவே வேண்டாம். "சரிம்மா, கலர் என்ன வேணும்?" என்று பதில் வந்திருக்கிறது.