ஜெர்மன் கம்பியா, சுவீடன் கட்டளையா?

நெப்போலியனிடம் ஜெர்மானிய அரசான பிரஷ்யா தோற்றுக் கிடந்த நேரம். 1811-இல் பெர்லினின் ஹாசன்ஹைடே திடலில் யான் என்பவர் இளைஞர்களை உடற்பயிற்சிக்குத் திரட்டினார். ஏறக் கயிறு, தொங்கக் கம்பி, கூடவே தேசப்பற்று. அரசே மிரண்டுபோய் 1820-இல் தடை போட்டது. 1842 வரை அது நீடித்தது.

சுவீடனின் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிலையம் தொடங்கினார். அங்கே சாகசத்துக்கு இடமில்லை. ஆசிரியர் கட்டளையிட, எல்லோரும் ஒன்றுபோலக் கைநீட்டி, முதுகை நிமிர்த்துவார்கள். நோயாளிகளுக்கு அதுவே சிகிச்சையும் ஆனது.

அப்புறம் 1860-களில் பெர்லினிலேயே இந்த இரண்டு முறைகளும் மோதின. லிங் வழியில் வந்த ரோட்ஷ்டைன், யான் முறையின் இணைக்கம்பியை (பக்கம் பக்கமாக நிற்கும் இரு கம்பிகள்) ஒழிக்கப் பார்த்தார். உடலியங்கியல் அறிஞர் டு புவா-ரேமோன் கம்பிக்காக வாதாடினார். கம்பி தப்பியது.

நோஞ்சான் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வதால் எனக்கு லிங்கின் வழிதான் பிடிக்கும். ஆனால் கம்பியில் புரளும் குதூகலம் அதில் கிடையாது.