சுங்கை சிப்புட்டில் ஒரு மாலைநேர ஆங்கில வகுப்பு
மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில், கடைவீடொன்றின் மாடியில் நடைபெறும் ஆங்கில டியூஷன் வகுப்பில், எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளோடு நானும் எட்டு வாரம் அமர்ந்திருந்தேன். 'ஆஃப்', 'அப்' போன்ற சிறுசொற்கள் சேர்ந்த வினைகளோடு பெயர்த்தொடரை எங்கே வைப்பது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கேட்டதில்லை. மலாய் மொழியின் 'புக்கா லம்பு'வை (சொல்லுக்குச் சொல் 'விளக்கைத் திற') பின்பற்றி 'ஓப்பன் த லைட்' என்றே பேசிப் பழகிய பிள்ளைகளை அருகில் அழைத்து, சுவிட்சில் கை வைத்தபடி, 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' ஆகிய இரண்டும் சரியே என்றும், விளக்கை 'இட்' என்று சுட்டினால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே பொருந்தும் என்றும் ஆசிரியை விளக்கினார். 'பின்னறையில் இரவெல்லாம் எரியும் விளக்கு' என்பதுபோல் பெயர்த்தொடர் நீண்டுவிட்டால், அது 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் வருவதே இயல்பாம். 'லுக் ஆஃப்டர்' பிரியாது. பாட்டியைக் கவனிப்பதானாலும் 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றே சொல்ல வேண்டும். செயப்படுபொருளை முன்வைத்து 'விளக்கை அணை' என்று சொல்லும் நமக்கு இந்த விளக்கம் பெரும் உதவி. பயிற்சித்தாள்களின் நகல்கள் மங்கலாக இருந்தன. அதைக் கட்டாயம் திருத்த வேண்டும். படிவம் 4 மாணவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே சேரலாம்.