விலைக்கு வாங்கிய இணையதளத்தைப் புதிய ஹோஸ்டிங்குக்கு மாற்றும் மூன்று வழிகள்: ஓர் ஒப்பீடு

ஃபிளிப்பா போன்ற சந்தைகளில், ஏற்கெனவே வாசகரும் வருமானமும் உள்ள ஓர் இணையதளத்தை விலைபேசி முடித்தவர், அதை விற்பவரின் சர்வரிலிருந்து தம் சர்வருக்கு எந்த வழியில் கொண்டுவருவது என்று அடுத்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சொந்தத் தளத்தை இடம் மாற்றும்போது வேகத்தையும் செலவையும் பார்த்தால் போதும்; உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். வாங்கிய தளத்தில் அது தெரியாது. யார் யாருக்கெல்லாம் நிர்வாகி உரிமை தரப்பட்டிருந்தது, எந்த பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) எங்கிருந்து இறக்கப்பட்டது என்பதெல்லாம் விற்பவர் மட்டுமே அறிந்தவை. சில சமயம் அவரும் அறியாதவை. ஆகவே ஒவ்வொரு வழியும் தளத்தோடு சேர்த்து வேறு எதையெல்லாம் இழுத்துவருகிறது என்பதையே இங்கே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். விற்பனைக்கு வருபவற்றில் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் இயங்கும் தளங்கள் மிகுதி என்பதால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வழி, ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுப் பலகையான சிபேனலின் கணக்கை முழுமையாகப் பெயர்ப்பது. விற்பவர் தம் சிபேனலில் முழு பேக்கப் ஒன்றை எடுத்துத் தருகிறார். புதிய ஹோஸ்டிங் நிறுவனம் அதைத் தன் சர்வரில் விரித்துவிடுகிறது. கோப்புகள், டேட்டாபேஸ், மின்னஞ்சல் பெட்டிகளும் அவற்றிலுள்ள கடிதங்களும், கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தாமே ஓடும் கட்டளைகள்), டிஎன்எஸ் பதிவுகள் (டொமைனை சர்வரோடு இணைப்பவை) என எல்லாம் ஒரே மூட்டையில் வந்துவிடும். கணக்கின் பெயர் மாறாதவரை கோப்புகளின் பாதையும் பெரும்பாலும் மாறாது என்பதால், தளம் உடனே ஓடத் தொடங்கும். ஆனால் இந்த முழு பேக்கப்பைச் சாதாரண சிபேனல் பயனரால் திரும்ப விரிக்க முடியாது. அதற்கு சர்வர் நிர்வாக உரிமை வேண்டும். புதிய நிறுவனத்திலும் சிபேனல் இருந்து, அவர்களே மாற்றித் தர ஒப்புக்கொண்டால் இதைவிட எளிய வழி இல்லை.

அந்த எளிமைதான் இதன் குறையும்கூட. கோப்புகளை ஏற்றி இறக்க விற்பவர் வைத்திருந்த பழைய எஃப்டிபி கணக்குகள், அவர் மறந்துபோன சோதனைத் தளங்கள், யாரோ என்றோ எழுதிவைத்த கிரான் வேலைகள் எல்லாம் நம் பெயரிலுள்ள சர்வரில் குடியேறுகின்றன. ஒரே கணக்கில் அவர் இன்னும் விற்காத வேறு தளங்களும் இருந்தால், இந்த வழியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, பிளகின் மூலம் மாற்றுவது. டூப்ளிகேட்டர், ஆல்-இன்-ஒன் டபிள்யூபி மைக்ரேஷன், மைக்ரேட் குரு ஆகியவை பலரும் அறிந்தவை. தொழில்நுட்பப் பழக்கம் குறைந்தவருக்கு இவை பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. மைக்ரேட் குரு தன் சொந்த சர்வர்கள் வழியாகவே தரவை நகர்த்துவதால் பெரிய தளங்களும் பாதியில் நின்றுவிடாமல் வந்து சேருகின்றன. வாடிக்கையாளர் விவரங்கள் உள்ள கடைத் தளமாக இருந்தால், அந்தத் தரவு மூன்றாம் தரப்பின் வழியே போவதை ஏற்கிறோமா என்று யோசிக்க வேண்டும். டூப்ளிகேட்டர் ஒரு தொகுப்பையும் ஒரு நிறுவல் கோப்பையும் தருகிறது. வேலை முடிந்ததும் அந்த நிறுவல் கோப்பை அழிக்காமல் விட்டால் வெளியார் தளத்தைக் கைப்பற்ற அதுவே வழியாகிவிடும். ஆல்-இன்-ஒன் பிளகினில் இறக்குமதி முடிந்தவுடன் புதிய தளத்தில் நாம் உருவாக்கிய நிர்வாகிப் பயனர் மறைந்துவிடுவார். டேட்டாபேஸ் முழுவதும் மாற்றி எழுதப்படுவதால், இனி விற்பவரின் பயனர் பெயராலும் கடவுச்சொல்லாலும்தான் உள்ளே நுழைய முடியும். அவற்றை முன்னரே வாங்கிவைக்காதவர் அங்கேயே திகைத்து நிற்பார்.

பிளகின்கள் வேர்ட்பிரஸ்ஸை மட்டுமே அறியும். மின்னஞ்சல், கிரான், டிஎன்எஸ் ஆகியவை அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. மறுபுறம், தளத்துக்குள் ஒளிந்திருக்கும் கேடான நிரல்களை அவை அப்படியே நகலெடுத்துத் தரும். படங்கள் இருக்க வேண்டிய பதிவேற்றக் கோப்புறையில் கிடக்கும் பிஎச்பி கோப்பும், வழக்கமான பிளகின் பட்டியலில் கலக்காமல் தானே இயங்கும் கட்டாய பிளகின் கோப்புறையில் உள்ளவையும், உரிமமின்றிப் பூட்டுடைத்து இறக்கிய பிளகின்களும் இம்மியும் குறையாமல் வந்துசேரும்.

மூன்றாவது வழி கையால் செய்வது. என் தேர்வு இதுதான். புதிய சர்வரில் வேர்ட்பிரஸ்ஸைப் புதிதாக நிறுவி, பிளகின்களை அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்தோ தயாரித்தவரிடமிருந்தோ மீண்டும் இறக்கி, பழைய சர்வரிலிருந்து டேட்டாபேஸையும், பதிவேற்றக் கோப்புறையையும், தளத்தின் தோற்றத்துக்கெனத் தனியாக எழுதப்பட்ட தீம் கோப்புகளையும் மட்டும் கொண்டுவருவதே இதன் முறை. பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பி கோப்புகள் இருந்தால் அவற்றைத் தனியே பிரித்து ஆராயலாம். பயனர் அட்டவணையைத் திறந்து, அறிமுகமில்லாத நிர்வாகிகளை நீக்கலாம். விற்பவரின் ஆட்சென்ஸ் (கூகுள் விளம்பர வருமானம்) எண் விட்ஜெட்டுக்குள் இன்னும் இருக்கிறதா, இணையவழிப் பணம் வாங்கும் சேவைகளின் சாவிகள் யாருடைய கணக்கைச் சேர்ந்தவை என்பதையெல்லாம் பார்க்க இதுவே தக்க தருணம். பார்க்காமல் விட்டால் நாம் விலை கொடுத்து வாங்கிய தளத்தின் வருமானம் பழையவருக்கே போய்க்கொண்டிருக்கும். கட்டண பிளகின்களின் உரிமம் விற்பவர் பெயரில் இருக்கும் என்பதும், நாம் மீண்டும் வாங்க வேண்டியிருக்கும் என்பதும் இந்த வழியில் முதல் நாளே தெரிந்துவிடுகின்றன; மற்ற வழிகளில் அடுத்த அப்டேட் நின்றுபோகும்போதுதான் தெரியும்.

கைவேலை என்றால் பலர் அஞ்சுவது, டேட்டாபேஸில் முகவரிகளைத் தேடி மாற்றும் கட்டத்தை நினைத்துத்தான். எழுத்துகளின் எண்ணிக்கையோடு சேர்த்துச் சேமிக்கப்படும் தரவுகள் இருப்பதால், கண்மூடித்தனமாக மாற்றினால் அமைப்புகள் சிதைந்துபோகும் என்பது உண்மையே. ஆனால் வாங்கிய தளத்தில் டொமைன் மாறுவதில்லை; சர்வர் மட்டுமே மாறுகிறது. தற்காலிக முகவரி எதையும் வைத்துக்கொள்ளாமல், எந்த டொமைன் எந்த ஐபி எண்ணில் உள்ளது என்று நம் கணினிக்கு மட்டும் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த டொமைனுக்கு எதிரே புதிய சர்வரின் ஐபி எண்ணை எழுதிச் சோதித்தால் அந்தக் கட்டமே தேவைப்படாது. மாற வேண்டியவை கோப்புப் பாதைகளே. பாதுகாப்பு பிளகினான வேர்ட்ஃபென்ஸ் தன் ஃபயர்வால் கோப்பின் முழுப் பாதையை மறைந்திருக்கும் ஓர் ஐஎன்ஐ கோப்பில் எழுதிவைத்திருக்கும். பழைய கணக்கின் பெயரோடு அது அப்படியே வந்துவிட்டால், தளம் முழுவதும் 500 பிழையைக் காட்டி நிற்கும்.

டேட்டாபேஸின் பதிப்பு வேறுபாடு இந்த வழியில் நம் தலையில்தான் விழுகிறது. மைஎஸ்க்யூஎல் 8 என்னும் டேட்டாபேஸ் மென்பொருள் தன்னியல்பாகப் பயன்படுத்தும் எழுத்து வரிசை முறையை, அதன் கிளையான மரியாடிபியின் பழைய பதிப்புகள் அறியாததால், இறக்குமதி முதல் அட்டவணையிலேயே நின்றுவிடக்கூடும். தமிழ்த் தளங்களை வாங்குவோருக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. எழுத்துக் குறியாக்கம் தவறினால் கட்டுரைகள் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அந்த நிலையில் எழுதப்பட்ட தரவிலிருந்து தமிழை மீட்க வழியில்லை. மூல பேக்கப்பைத் தொடாமல் தனியே வைத்திருப்பது அதனால்தான் முக்கியம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் டிஎன்எஸ் மாற்றத்தில் ஒரு சிறு ஒப்பீடு உண்டு. நேம்சர்வரை (டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரை) மாற்றுவதைவிட, தளத்தின் ஐபி எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுவது நல்லது. டாட் காம் டொமைன்களின் நேம்சர்வர் விவரம் 1,72,800 விநாடிகள், அதாவது 48 மணி நேரம் வரை பிற இடங்களில் நினைவில் வைக்கப்படலாம். ஏ ரெக்கார்டின் டிடிஎல்லை, அதாவது அது பிற இடங்களில் நினைவில் வைக்கப்படும் நேரத்தை, முந்தைய நாளே 300 விநாடிகளாகக் குறைத்துவிட்டால் மாற்றம் சில நிமிடங்களில் பெரும்பாலோரைச் சென்றடையும், ஏதேனும் தவறினால் அதே வேகத்தில் திரும்பவும் முடியும். தளத்தின் டிஎன்எஸ், அச்சேவையைத் தரும் கிளவுட்ஃபிளேரில் விற்பவரின் கணக்கில் இருந்தால் நேம்சர்வர் மாற்றம் தவிர்க்க முடியாதது. அங்கே எழுதப்பட்ட திசைமாற்று விதிகள் எந்த பேக்கப்பிலும் வருவதில்லை என்பதால், அவற்றைத் தனியே எழுதி வாங்காவிட்டால் பழைய முகவரிகளுக்குக் கூகுள் வழியே வரும் வாசகர்கள் 'பக்கம் இல்லை' என்னும் 404 பக்கத்தில் போய் முட்டுவார்கள்.

டொமைனுக்கும் இரண்டு பாதைகள் உள்ளன. டொமைன்களைப் பதிவுசெய்து தரும் ஒரே நிறுவனத்துக்குள் விற்பவரின் கணக்கிலிருந்து நம் கணக்குக்குத் தள்ளிவிடுவது வழக்கமாக விரைவில் முடிந்துவிடும். வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் அங்கீகாரக் குறியீடு வேண்டும். பழைய நிறுவனம் ஐந்து நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு 2016 டிசம்பரில் நடைமுறைப்படுத்திய விதியால், உரிமையாளர் பெயரை முதலில் மாற்றினால் 60 நாள் வரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டு விழ வாய்ப்புண்டு. முதலில் தள்ளிவிடும் முறையில் டொமைனை நம் கணக்குக்குக் கொண்டுவந்து, எஸ்க்ரோவில், அதாவது இடைத்தரகு சேவையிடம், நிறுத்திவைத்த பணத்தை விடுவித்து, நிறுவனத்தை மாற்றும் வேலையைச் சில மாதங்கள் கழித்து வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். விற்பவரின் ஹோஸ்டிங் கணக்கு மாற்றத்துக்குப் பின் குறைந்தது ஒரு மாதம் நீக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், கேட்கத் தவறிய கோப்பு ஒன்று பின்னர் நினைவுக்கு வரும்போது போய்ப் பார்க்க வேறு இடம் இருக்காது.