மிகாசா கப்பல், யோகோசுகா: கப்பலுக்காக இல்ல, டோகோவுக்காக போங்க

மிகாசா, 1905ல ரஷ்யாவோட நடந்த கடல் சண்டைல ஜப்பான் அட்மிரல் டோகோ நின்ன போர்க்கப்பல், இப்ப மியூசியம். டோக்கியோல அரை நாள் சும்மா இருந்தீங்கன்னா போய்ட்டு வரலாம், ஷினாகவால கெய்க்யூ ட்ரெயின் புடிச்சா யோகோசுகா சூவோ ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம், அங்கேருந்து கால் மணி நேர நடை, டிக்கெட் 600 யென். ஆனா 1905ல சண்டை போட்ட கப்பல அப்படியே பாக்கலாம்னு நினைச்சு போகாதீங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் பீரங்கி, கொடிமரம் எல்லாத்தையும் கழட்டிட்டாங்க, மேல அக்வேரியமும் டான்ஸ் ஹாலும் வேற நடத்தியிருக்காங்க! 1961ல சரி பண்ணி திறந்ததுதான் இப்ப இருக்கிறது, பெரிய பீரங்கிங்க எல்லாம் புதுசா செஞ்சு வச்சது, கப்பலும் மிதக்கல, தரையில பதிச்சு நிக்குது. இத காப்பாத்த உதவினவங்கள்ல ஒருத்தர் அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ், ஆமா, ஜப்பான் நேவிய தோக்கடிச்ச அதே ஆளுதான், சின்ன வயசுல டோகோவ நேர்ல பாத்தவராம்.

அப்புறம் எதுக்கு போகணும்னா, அட்மிரல் டோகோ ஹெய்ஹாச்சிரோ. 1848ல ககோஷிமால பொறந்தவரு, 1863ல பிரிட்டிஷ் கப்பலுங்க அந்த ஊரையே குண்டு போட்டு எரிச்சப்ப சண்டைல நின்ன பையன், எட்டு வருஷம் கழிச்சு அதே பிரிட்டனுக்கு போய் கப்பல் தொழில் படிக்கிறாரு. 1894ல சீன வீரர்கள ஏத்திட்டு வந்த பிரிட்டிஷ் கொடி கப்பல் ஒன்ன மூழ்கடிச்சு லண்டன்ல பெரிய கொந்தளிப்பு, கடைசில சட்டப்படி சரின்னு அங்க உள்ள சட்ட நிபுணர்களே சொன்னாங்க. மிகாசாவ கட்டினதும் பிரிட்டன்ல பாரோ ஊர்லதான்.

மேல திறந்தவெளி பிரிட்ஜுக்கு (கப்பல நடத்துற மேடை) கண்டிப்பா ஏறுங்க, படி கொஞ்சம் செங்குத்து, குழந்தைங்கள புடிச்சுக்கோங்க. 1905 மே 27, ரஷ்யாவோட நடந்த அந்த சுஷிமா சண்டை அன்னிக்கு டோகோவும் அவரோட அதிகாரிங்களும் யார் யார் எங்க நின்னாங்கன்னு தரையில குறிச்சு வச்சிருக்காங்க. கீழ கனமான இரும்புக் கவசம் போட்ட அறை இருக்கு, அங்க வாங்கன்னு கூப்பிட்டும் போகல மனுஷன். ரஷ்யக் கப்பலுங்க பால்டிக்லேருந்து பாதி உலகம் சுத்தி வருது, இவரு அதுங்க முன்னாடியே தன்னோட கப்பலுங்கள ஒவ்வொண்ணா ஒரே இடத்துல திருப்புறாரு, அந்த நேரத்துல எதிரிக்கு குறி வைக்க ரொம்ப சுலபம், மிகாசாவுக்கு மட்டும் முப்பதுக்கு மேல அடி. ஜெயிச்சதால மேதைன்னு சொல்றோம், தோத்திருந்தா? அந்த சின்ன எடத்துல நின்னு பாத்தா அந்த ரிஸ்க் வயித்துல தெரியுது. முடிவுல ஜப்பான் பக்கம் மூழ்கினது 3 டார்பிடோ படகு மட்டும். அடிபட்ட ரஷ்ய அட்மிரல் ரொஜெஸ்ட்வென்ஸ்கிய அப்புறம் ஆஸ்பத்திரிக்கே போய் பாத்தாரு டோகோ, எனக்கு அவர புடிச்சது இதுக்குத்தான். அதே வருஷம் செப்டம்பர்ல இந்த மிகாசாவே சசேபோ துறைமுகத்துல வெடிமருந்து வெடிச்சு மூழ்கிருச்சு, சண்டைல ஜப்பான் பக்கம் செத்தவங்கள விட அதுல செத்தவங்க அதிகம்.

என் குறை ஒண்ணு, இங்க எல்லாமே சுஷிமாவ சுத்தியேதான். 1934 வரைக்கும் வாழ்ந்தவரு, பின்னாடி பட்டத்து இளவரசர் ஹிரோஹிதோவோட படிப்ப மேற்பார்வை பாத்தாரு, 1930ல கடற்படைய கட்டுப்படுத்துற லண்டன் ஒப்பந்தத்த எதிர்த்தாரு, அவரோட பேர வச்சே கடும்போக்கு ஆளுங்க அரசியல் பண்ணாங்க. அந்த வயசான டோகோவ பத்தி வீட்லயே படிச்சுட்டு போங்க.

5க்கு 4. பக்கத்துலயே சருஷிமா தீவுக்கு படகு இருக்கு, காலைலயே வந்தா ரெண்டையும் முடிச்சுடலாம்.