பழைய திங்க்பேடுக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கும் கேபிளும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழைய கணினிக்கு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டிபி, எந்த கம்பெனி?" என்றுதான். என்னைக் கேட்டால் அந்த இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். கணினியில் என்ன போர்ட் இருக்கிறது, அது எவ்வளவு கரண்ட் கொடுக்கும், நடுவில் என்ன கேபிள் போகிறது, இந்த மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

என்னிடம் இருப்பது லெனோவோ திங்க்பேட் டி420. 2011-இல் வந்த மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஓட்டுகிறேன். அப்பாவின் பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றுவதும் குடும்பப் படங்களை ஸ்கேன் செய்வதும்தான் இதில் முக்கிய வேலை. சுருக்காத வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு மணி நேரப் பதிவு 600 எம்பியைத் தாண்டும். 90 நிமிடக் கேசட் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி. உள்ளே இருக்கும் இடம் எத்தனை நாள் தாங்கும்!

டி420-இல் இருப்பவை எல்லாம் யூஎஸ்பி 2.0 போர்ட்டுகள். அவற்றில் ஒன்று மட்டும் யூஎஸ்பியும், வெளி டிரைவை வேகமாக இணைக்கும் ஈ-சாட்டாவும் சேர்ந்த கலப்பு போர்ட். யூஎஸ்பி 2.0-இன் வேகம் ஏட்டில் விநாடிக்கு 480 மெகாபிட். கையில் கிடைப்பது விநாடிக்கு 30 முதல் 40 எம்பிதான். 500 ஜிபியை முதன்முறை நகலெடுக்க நான்கு மணி நேரம் போய்விடும். கேட்டதும் பயமாக இருக்கும். ஆனால் அது முதல் நாள் வேலை. அதற்குப் பிறகு ஆர்சிங்க் போன்ற நிரல் புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டுமே எடுத்துப் போடும். வாராவாரம் சில ஜிபிதான் சேர்கிறது என்றால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வேகத்துக்காகப் புது கணினி வாங்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கரண்ட் விஷயம் அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தர வேண்டிய அளவு 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். யூஎஸ்பி 3.0-க்கு அது 900. இன்று கடையில் கிடைக்கும் 2.5 அங்குல டிரைவ்கள் 3.0-ஐ மனதில் வைத்துச் செய்தவை. ஓடிக்கொண்டிருக்கும்போது பரவாயில்லை. தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் ஒரு ஆம்பியர் வரைகூட இழுக்கும் டிரைவ்கள் உண்டு. கரண்ட் போதாவிட்டால் 'டிக், டிக்' என்று சத்தம் வரும், விளக்கு எரிந்து அணையும், கணினி டிரைவைக் கண்டுகொள்ளாது. இன்னும் மோசம், நகலெடுக்கும் நடுவில் தொடர்பு அறுந்துபோவது. டிரைவ் செத்துவிட்டது என்று முடிவு கட்டித் தூக்கிப் போடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். என் டிரைவும் இப்படி டிக்கடித்தது. கேபிளை மாற்றியதும் அடங்கியது.

கேபிளில் பார்க்க வேண்டியவை நீளமும் கம்பியின் கனமும். கம்பி மெலிந்து நீளம் கூடினால் வோல்டேஜ் வழியிலேயே இறங்கிவிடும். கேபிளின் மேலேயே 28ஏடபிள்யூஜி, 24ஏடபிள்யூஜி என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய கம்பி கனம். 28 என்பது டேட்டா கம்பிக்குப் போதும். மின்சாரம் போகும் கம்பி 24 ஆக இருந்தால் நல்லது. டிரைவுக்கு அரை மீட்டருக்கு மேல் நான் கேபிள் போடுவதில்லை. மேசையில் வசதியாக இருக்குமே என்று ஒன்றரை மீட்டர் கேபிள் வாங்குவது இந்த வேலைக்கு ஒத்துவராது.

குட்டைக் கேபிள் போட்டும் டிரைவ் எழவில்லை என்றால் ஒய் கேபிள் இருக்கிறது. கணினிப் பக்கம் இரண்டு தலை, இரண்டு போர்ட்டிலிருந்தும் கரண்ட் எடுக்கும். அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் இன்னொரு வழி. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒய் கேபிள் தேடுவது பெரிய சிரமமாக இருக்காது.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. யூஎஸ்பி 3.0 டிரைவின் அகலமான மைக்ரோ-பி சாக்கெட்டில் இரண்டு பகுதி இருக்கும். பெரிய பகுதியில் பழைய ஆண்ட்ராய்டு போனின் சாதாரண மைக்ரோ யூஎஸ்பி கேபிள் அப்படியே பொருந்தும். யூஎஸ்பி 2.0 வேகத்தில் வேலை செய்யும். நம் கணினியின் வேகமே அதுதான் என்பதால் எந்த இழப்பும் இல்லை. அவசரத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் சார்ஜ் ஏற்ற மட்டுமே செய்யும் கேபிள்களும் சந்தையில் உண்டு. அவற்றில் டேட்டா கம்பியே இருக்காது.

அடாப்டர் வைத்து ஓடும் 3.5 அங்குல டிரைவ் விலைக்கு நிறைய இடம் தரும். இருந்தும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். எங்கள் பக்கம் மின்வெட்டு சகஜம். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிரைவ் மட்டும் பாதி எழுதிய நிலையில் நின்றுபோகும். யூபிஎஸ் இருப்பவர்களுக்கு அது சரிப்படும். 2.5 அங்குல டிரைவ் லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுப்பதால் எனக்கு அந்தக் கவலை இல்லை.

ரெடிமேட் டிரைவா, தனி டிரைவும் அதை உள்ளே மாட்டும் தனிப் பெட்டியுமா (கேஸ்)? நான் கேஸ் பக்கம். ரெடிமேட் டிரைவ்கள் சிலவற்றில் யூஎஸ்பி சாக்கெட் டிரைவின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சாக்கெட் ஆடிப்போனால் உள்ளே இருக்கும் டிரைவைக் கழற்றி வேறு கணினியில் நேராக மாட்ட முடியாது. தனி கேஸில் உள்ளே இருப்பது, கணினிக்குள் டிரைவை மாட்டும் அதே சாதாரண சாட்டா இணைப்பு. கேஸ் பழுதானால் கேஸை மட்டும் மாற்றினால் போதும். எஸ்எஸ்டி போட்டபோது கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் சும்மா கிடந்தால் அதையும் இப்படிப் பயன்படுத்தலாம்.

2.5 அங்குலத்தில் பெரிய கொள்ளளவு டிரைவ்கள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகை. கூரை ஓடுபோல எழுதும் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று லேசாக ஏறி நிற்கும். அதனால் நிறைய எழுதும்போது ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் விழும். யூஎஸ்பி 2.0-இல் டேட்டா போவதே மெதுவாக என்பதால் எனக்கு அது உறைக்கவே இல்லை. ஈ-சாட்டாவில் போட்டபோதுதான் தெரிந்தது.

ஈ-சாட்டா பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். அந்தப் போர்ட் இருக்கும் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் பலர் அதைத் தொட்டதே இல்லை. ஈ-சாட்டா வசதியுள்ள கேஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டியபோது விநாடிக்கு 100 எம்பியை எட்டியது. நான்கு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். சாதாரண ஈ-சாட்டா கேபிள் டேட்டாவை மட்டும்தான் கொண்டுபோகும். கரண்டுக்கு கேஸிலிருந்து ஒரு யூஎஸ்பி கேபிளையும் வேறு போர்ட்டில் செருக வேண்டும். புது கேஸ்களில் இந்த வசதி அருகிவிட்டது, பழைய சரக்கில்தான் தேட வேண்டும். லேப்டாப்பின் பக்கவாட்டில் கார்டு செருகும் எக்ஸ்பிரஸ்கார்டு துளை வழியாக யூஎஸ்பி 3.0 சேர்ப்பவர்களும் உண்டு. வேகம் கிடைக்கும், ஆனால் கார்டுக்குத் தனி மின் இணைப்பு தேவைப்படலாம். கார்டு லேசாக ஆடினாலும் தொடர்பு போகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபார்மட் விஷயத்தில், லினக்ஸ் மட்டும் என்றால் எக்ஸ்ட்4. விண்டோஸிலும் திறக்க வேண்டும் என்றால் என்டிஎஃப்எஸ். எக்ஸ்ஃபேட் பெரும்பாலும் எல்லாவற்றிலும் திறக்கும், ஆனால் அதில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏற்பாடு) கிடையாது. கேபிள் நடுவில் கழன்றால் சேதம் அதிகம். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஓட்டுபவர்கள் 2 டிபியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்க ஜிபிடி என்ற முறை வேண்டும். 32-பிட் எக்ஸ்பிக்கு அது புரியாது.

டிரைவ் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை அவ்வப்போது பார்க்கிறேன். லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல், விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. 5, 197 எண் வரிகள் தட்டில் பழுதான, பழுதோ என்று சந்தேகப்படும் இடங்களின் எண்ணிக்கை. அவற்றில் மூல மதிப்பு (raw value) பூஜ்யமாக இருந்தால் தட்டு நலம். 199-ஆவது வரி சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை, டேட்டா போகும் வழியில் ஏற்படும் கோளாறுகளைக் காட்டுவது. ஈ-சாட்டா கேபிள் பழையதானபோது என் டிரைவில் இந்த எண் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போனது. புது கேபிள் போட்டதும் அங்கேயே நின்றுவிட்டது. பழைய எண் அழியாது, அது ஏறாமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பிரதி இன்னொரு டிரைவில், தங்கை வீட்டில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் இதையும் அதையும் மாற்றிக்கொண்டு வருகிறேன். அதோடு ஒரு குட்டைக் கேபிளையும் அங்கேயே வைத்திருக்கிறேன்.