வேலைக்கு நடுவிலா, இரவில் திரும்பிப் பார்ப்பதா?

கடவுளின் சமாதானத்தை அன்றாட வாழ்க்கைக்குள் தேடுகிறவர்களுக்கு இரண்டு பழைய வழிகள் உண்டு.

பாரிஸில் கார்மேல் சபை மடத்துச் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் சகோதரர் லாரன்ஸ் (இறப்பு 1691). சமையல் அவருக்குப் பிடித்த வேலையே இல்லை. ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே கடவுளோடு பேசப் பழகினார். செப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்று பிரிக்கவில்லை. மனம் விலகிப் போனால்? ஒப்புக்கொண்டு, நொந்துகொள்ளாமல் திரும்பி வருவார்.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் (1491–1556) கற்பித்த ஆன்ம சோதனை (தன் மனதைத் தானே ஆராய்வது) ஐந்து படி: நன்றி சொல்வது, அருள் கேட்பது, அன்றைய நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்த முடிவெடுப்பது. (இருவருமே முன்னாள் படைவீரர்கள். ஒழுங்கு மட்டும் இஞ்ஞாசியாரிடம்தான் அதிகம் தெரிகிறது!)

லாரன்ஸின் வழிக்குத் தனி நேரம் வேண்டாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது பெரிய விஷயம். ஆனால் கேட்க எளிது, பழகக் கடினம். முதல் பத்து ஆண்டுகள் மிகவும் வேதனைப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஆன்ம சோதனை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். குற்றப் பட்டியலாக மாறிவிடுவதுதான் அதில் ஆபத்து. நன்றியைத் தாண்டிக் குதித்தால் அப்படித்தான் ஆகும்.

சமையல், தையல் என்று கை வேலை செய்பவர்களுக்கு லாரன்ஸ் பொருந்துவார். நாள் முழுக்க போனும் கணக்கும் மனதைப் பிடித்துக்கொள்ளும் வேலையா? சரி, இஞ்ஞாசியாரிடமே தொடங்குங்கள்.